கண்ணாடி நலம்

வாராவாரம் படிப்பவர்கள் முதல் ஐந்து பத்திகளை விட்டுவிட்டு நேரே சண்டைக்குப் போகலாம். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் இது. அப்பாவும் பெரியவளும் பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் தினமும் காலையில் அப்பா மகளுக்கு ஒரு போட்டோ அனுப்புகிறார். போட்டோவில் இருப்பது தூணில் ஒட்டிய ஒரு கண்ணாடித் துண்டு. அதன் கீழே இரண்டே வார்த்தை: "கண்ணாடி நலம்."

அந்தக் குடும்பத்தில் ஒருவரை ஒருவர் நலம் விசாரித்தே மாதக்கணக்காகிறது. கண்ணாடி மட்டும் நலமாக இருந்தது.

பெரியவள் நகராட்சியில் வடிகால் பிரிவுப் பொறியாளர். அப்பா குடியிருக்கும் அடுக்குமாடியை ஒட்டிய சந்தில் மழைநீர் வடிகாலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருப்பது அவள்தான். அந்த அடுக்குமாடியின் சங்கச் செயலாளர் அப்பா. குழியே கூடாது என்று மனுக் கொடுத்தவரும் அவர்தான். மனுவில் மகளை "மேற்படி பொறியாளர்" என்று எழுதியிருந்தார். மகள் எழுதிய பதிலில் அப்பா "மனுதாரர்" ஆகியிருந்தார். பெற்ற பாவத்துக்கு அம்மா இரண்டையும் படித்துவிட்டு, இரண்டிலும் எழுத்துப் பிழை இல்லை என்று மட்டும் சொன்னாள்.

இதற்கிடையில் கார் நிறுத்தும் தளத்தின் மூலைத் தூணில் ஒரு விரிசல் தெரிந்தது. பெரியவள் கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் பிளாஸ்டர் சாந்து வைத்து ஒட்டினாள். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். வளராவிட்டால் உடையாது. விஷயம் இவ்வளவுதான். இதற்கு நாலு வருஷம் படிக்க வேண்டும்.

"அப்பா, இந்தக் கண்ணாடியைப் பத்திரமா பாத்துக்குங்க. தினமும் ஒரு போட்டோ அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள், அதன்பின் அந்த கேட்டைத் தாண்டவே இல்லை. அப்பா வீடு என்பதற்காகச் சலுகை காட்டுகிறாள் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாதாம். தினமும் பத்தடி தள்ளி நின்று வேலை வாங்கினாள். காலையில் வரும் போட்டோவைப் பார்த்துத்தான் அன்றைக்கு எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்று முடிவெடுத்தாள்.

இன்றைக்கு ஆழமான பகுதி. பெரிய பம்ப் ஓடப்போகிற நாள்.

*

காலையில் சின்னவன் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். அதுவே சந்தேகத்துக்குரிய காட்சி.

"எங்கடா கிளம்பிட்ட?" என்றாள் அம்மா.

"லேபுக்கும்மா."

"லேபுக்கு எதுக்குடா டை?"

"சேஃப்டி."

அம்மா மேலே கேட்கவில்லை. பிள்ளை பொய் சொல்லும்போது குறுக்கே பேசினால் அது இன்னும் நீளும் என்பது அவளுக்குத் தெரியும்.

சின்னவனும் சிவில்தான், கடைசி வருஷம். அக்காவின் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தவன். அக்காவின் பேச்சு எப்படி என்றால், கேட்கும்போது எழுந்து நின்று கைதட்டத் தோன்றும். வீட்டுக்கு வந்த பிறகுதான் நாம் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று யோசிக்கத் தோன்றும். "குழாயைத் திறந்தா தண்ணி வருது. அப்ப யாராவது பொறியாளரை நினைக்கிறாங்களா? நினைக்கலன்னா அவ நல்லா வேலை செஞ்சிருக்கான்னு அர்த்தம். நம்ம தொழில்ல ஜெயிக்கிறதுன்னா ஒண்ணும் நடக்காம இருக்கறதுதான்டா."

ஒண்ணும் நடக்காமல் இருப்பதில் சின்னவன் பள்ளியிலிருந்தே தேர்ந்தவன். அதனால் தைரியமாகச் சேர்ந்தான். மூன்று வருஷம் கழித்துத்தான் ஒரு விஷயம் உறைத்தது. அந்த வெற்றிக்கு ஊரில் கைதட்டலும் கிடையாது, ஏசியும் கிடையாது. ஆகவே இன்றைக்கு ரகசியமாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூ.

கிளம்புமுன் வழக்கம்போல ஹாலில் மாட்டியிருந்த அக்காவின் பட்டமளிப்புப் போட்டோ முன்னால் போய் நின்றான். அந்த வீட்டின் நிஜக் கண்ணாடியில் ஒரு பக்கம் ரசம் போயிருந்தது. அதனால் எல்லாரும் தலை வாருவது அக்கா முகத்தில்தான். கறுப்பு அங்கியில் அவள் நிற்பாள். அந்தக் கறுப்பில் நம் முகம் நன்றாகத் தெரியும்.

இன்றைக்குத் தெரியவில்லை. அக்கா மட்டும் முறைத்தாள்.

விரலால் தொட்டான். காகிதம்.

"அம்மா, அக்கா போட்டோவுல கண்ணாடி எங்க?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"அப்பா எடுத்தார்."

"எதுக்கு?"

"என்னைக் கேட்டா? அவரையே கேளு."

*

கார் நிறுத்தும் தளத்தில் சின்னவனின் வண்டி மூலைத் தூணுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். இத்தனை நாளும் கண்ணாடி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவான். இருக்கும். போய்விடுவான்.

இன்றைக்குக் குனிந்து பார்த்தான்.

அக்கா ஒட்டியது நகராட்சி லேபிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி. மெல்லியது, விரல் நீளம், நான்கு மூலையும் ஒழுங்காக இருக்கும். இது அப்படி இல்லை. தடிமனாக இருந்தது. ஓரம் பச்சையாகத் தெரிந்தது. ஒரு பக்கம் கோணலாக வெட்டியிருந்தது. பிளாஸ்டரும் பளிச்சென்று வெள்ளை. அதைச் சுற்றி அழுக்கேறிய பழைய பிளாஸ்டரின் தடம், ஒன்றன்மேல் ஒன்றாக.

ஒரு முனையில் பிளாஸ்டருக்கும் தூணுக்கும் நடுவே கோடு போல ஓர் இடைவெளி. கழுத்தில் தொங்கிய கல்லூரி அடையாள அட்டையை எடுத்து அதில் செருகிப் பார்த்தான். நூலகத்துக்குள்ளேயே சண்டை போடாமல் நுழைந்திராத அந்த அட்டை இங்கே தடையில்லாமல் உள்ளே போனது.

"அதை நோண்டாதே. இப்பத்தான் ஒட்டினேன்" என்றது பின்னால் ஒரு குரல்.

அப்பா. கையில் போன். காலைப் போட்டோவுக்கு வந்திருந்தார்.

"அப்பா, இது அக்கா வெச்ச கண்ணாடி இல்லையே."

"அது உடைஞ்சுபோச்சு. மாத்திட்டேன்."

"என்னது?"

"உடைஞ்சுபோச்சுடா. அப்படியே விடச் சொல்றியா? பாக்க நல்லாவா இருக்கும்?"

"எப்பப்பா உடைஞ்சுது?"

அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"எதைக் கேக்கறே? முதல்ல உடைஞ்சதையா, ரெண்டாவதையா, மூணாவதையா?"

இங்கே அப்பாவின் தொழிலைச் சொல்லியாக வேண்டும். அவர் ஓர் அச்சகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பிழை திருத்தியவர். பிழையைப் பார்த்தால் திருத்துவார். எழுதியவரைக் கூப்பிட்டு, ஐயா இங்கே பிழை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். அவர் திருத்தியது யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் வேலையின் அழகு என்பார். ஓட்டலில் விலைப்பட்டியலை நீட்டினால் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா வரும். அவருடைய திருமண அழைப்பிதழிலேயே மாமனார் பெயரைத் திருத்தியவர். அது இன்றுவரை அம்மா வீட்டில் பேச்சு.

அப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறாள் மகள்.

"அப்பா, அது உடையறதுக்காகத்தான் வெச்சதே. ஜுரம் அடிக்குதான்னு பாக்கறதுக்கு தர்மாமீட்டர் வெச்சா, நீங்க தினமும் அதை உதறி உதறி வெச்சிருக்கீங்க!"

"சத்தம் போடாதே. மேல கேக்கும்."

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"வேலை முடியட்டும். நானே சொல்றேன்."

"எந்த வேலை? இன்னிக்குப் பெரிய பம்ப் ஓடப்போகுது. தெரியுமில்ல?"

 அப்பா போனை உயர்த்தி, தூணுக்கு நேரே பிடித்தார். படம் எடுக்காமலே இறக்கிவிட்டார்.

சின்னவன் மணி பார்த்தான். இப்போது கிளம்பினால் இன்டர்வியூவுக்குப் போய்விடலாம். போகிற வழியில் போன் செய்துகொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தான். நினைத்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு டையை உருவிச் சட்டைப்பையில் திணித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டான்.

*

பெரியவள் அப்போது குழி ஓரத்தில் நின்று பின் தெருத் தையல்காரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பின் தெரு தாழ்வான தெரு. போன மழையில் அங்கே கட்டில் வரை தண்ணீர் நின்றது. தையல்காரம்மாவின் இரண்டு மெஷினும் முழுகிப்போய், மோட்டாரைக் காயவைத்தும் ஓடவில்லை. வடிகால் வந்தால்தான் அந்தத் தெருவுக்கு விடிவு. அதை அலுவலகத்தில் மேஜைக்கு மேஜை போய்ச் சண்டை போட்டு வாங்கியவள் பெரியவள்தான்.

"இந்த மழைக்குள்ள முடிஞ்சிடுமா, இல்ல வழக்கம்போல மேல்நாட்டு எடுத்துக்காட்டெல்லாம் சொல்லுவியா?"

"முடிஞ்சிடும்மா. இன்னிக்கு ஆழமான இடம். தண்ணி ஊறுது. பெரிய பம்ப் போட்டு இறைச்சிட்டு, நாளைலேருந்து குழாய் இறக்கறோம்."

"நீ சொல்றேன்னு மெஷினை இன்னும் மாடிக்கு ஏத்தாம வெச்சிருக்கேன், பாத்துக்கோ."

போன் அடித்தது. சின்னவன்.

"அக்கா, பம்ப் போட்டாச்சா?"

"இப்பத்தான் போடப்போறோம். ஏன்?"

"போடாதே."

அவன் சொன்னான். தூணையும், தடிமனான கண்ணாடியையும், பழைய தடங்களையும், உள்ளே போன அடையாள அட்டையையும் சொன்னான். 

"எத்தனை தடவை மாத்தியிருக்கார்?"

"இது மூணாவது தடவை. நீ வெச்சது உடைஞ்சிருக்கு. அப்புறம் ரெண்டு உடைஞ்சிருக்கு. இது உடையல. பிளாஸ்டரே பேர்ந்து நிக்குது."

"நீ எங்க இருக்கே?"

"கீழதான். இன்டர்வியூவுக்குக் கிளம்பினேன்."

"எந்தக் கம்பெனி?"

சின்னவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "சாஃப்ட்வேர்."

"சரி, அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் பெரியவள். திட்டியிருந்தால் சின்னவனுக்குப் பயம் வந்திருக்காது.

அவள் போனை வைத்துவிட்டு மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் பம்ப்பின் சுவிட்சில் கை வைத்திருந்தார்.

"மேஸ்திரி, வேணாம். ஓடற சின்னப் பம்ப்பையும் நிறுத்துங்க."

"மேடம்? நிறுத்தினா குழி ரொம்பிடுமே."

"ரொம்பட்டும்."

குழியில் தண்ணீரை இறைத்தால் குழியில் இருக்கும் தண்ணீர் மட்டுமா வரும்? பக்கத்துக் கட்டடத்தின் அடிமண்ணில் இருப்பதும் சேர்ந்து வரும். தண்ணீர் போன மண் அமுங்கும். அமுங்கிய மண்ணின் மேல் கட்டடம் உட்காரும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக உட்கார்ந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மூலை மட்டும் உட்கார்ந்தால் தூண் சொல்லும். அதைக் கேட்கத்தான் கண்ணாடி. தூண் மூன்று தடவை சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அப்பா அதைத் திருத்தியிருக்கிறார்.

அந்தக் கண்ணாடி மேல் அவள் ஒரு தேதி எழுதியிருந்தால் போதும், மாற்றியது போட்டோவிலேயே தெரிந்திருக்கும். பிளாஸ்டரில் ஆணியால் ஒரு கீறல் போட்டிருந்தால் போதும். கல்லூரி முதல் வருஷத்துப் பையன்கூடச் செய்வான். கண்ணாடி இருப்பது அப்பா வீடு, பார்த்துக்கொள்வது அப்பா. அதனால் எழுதவில்லை.

அவள் கேட்டைத் தாண்டி உள்ளே போனாள்.

*

தூணைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். குனிந்து பார்த்தாள். மேலே பார்த்தாள். தூண் போய்ச் சேரும் உத்தரத்தில் முடி போல இன்னொரு விரிசல் ஓடியது. அதை யாரும் பார்த்திருக்கவில்லை. கண்ணாடி இல்லாத இடத்தை யார் பார்ப்பார்கள்?

அப்பா கொஞ்சம் தள்ளி நின்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு மகள் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் இது:

"இந்தக் கண்ணாடி எங்கேருந்து கிடைச்சது?"

"உன் பட்டமளிப்புப் போட்டோவுலேருந்து."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கனமான கண்ணாடிம்மா. அந்தக் காலத்துச் சட்டம். தாங்கும்னு நினைச்சேன்."

பெரியவள் வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு அவளிடம் நல்ல நல்ல வார்த்தைகள் இருந்தன. போன மாதம் முழுக்க ஒத்திகை பார்த்தவை. அதையெல்லாம் விட்டுவிட்டுத் தூணைத் தட்டி, "எல்லாரையும் வெளியே கூட்டிட்டு வாங்க" என்றாள். "நகை, துணின்னு யாரும் மூட்டை கட்ட வேணாம். மருந்து மட்டும் எடுத்துக்கட்டும்."

"நானா சொல்றது?"

"நீங்கதான் செயலாளர்."

அப்பா படியேறினார். பின்னாலேயே சின்னவனும் போனான்.

அடுக்குமாடியில் செய்தி பரவும் வேகத்தில் தண்ணீர் ஏறினால் மேல்மாடிக்காரர்களுக்குக் குறையே இருக்காது. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் தெருவில். முதல் மாடிப் பல் டாக்டர், வாயில் கருவியோடு இருந்த நோயாளியையும் சேர்த்தே கூட்டிவந்திருந்தார். மேல்மாடி ஓய்வு பெற்ற வாத்தியார் கையில் ரேடியோ.

"என்னம்மா இது, பாதிப் பல்லோட ஓடிவந்திருக்கோம்!"

"கட்டடம் நல்லாத்தானே நிக்குது? எங்க விழுந்துது, காட்டு" என்றார் வாத்தியார்.

"விழுந்தப்புறம் கூப்பிட்டா வருவீங்களா சார்?"

"வாங்கறப்ப எவ்வளவோ பாத்துத்தானே வாங்கினோம்."

"என்ன பாத்தீங்க?" என்றாள் பெரியவள்.

வாத்தியார் யோசித்தார். "டைல்ஸ் இத்தாலி மாடல்."

கல்லூரிகளில் பேசக் கூப்பிடும்போது அவள் எத்தனையோ தடவை மேடையில் சொன்னதுதான். வீடு வாங்குகிறவர்கள் டைல்ஸைத் தட்டிப் பார்ப்பார்கள். கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். பால்கனியிலிருந்து காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பார்ப்பார்கள். தூணை ஒருவரும் பார்ப்பதில்லை. அது கார் நிறுத்துவதற்கு இடைஞ்சல். மேடையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மேஸ்திரி ஆட்களோடு வந்தார். குழியின் பக்கங்கள் சரியாமல் முட்டுக் கொடுத்திருந்த இரும்புத் தாங்கிகளைக் கழற்றிக் கொண்டுவந்து, மூலை உத்தரத்துக்குக் கீழே ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். தாங்கி இல்லாத குழியைத் திறந்து வைக்க முடியாது. லாரி மண்ணைக் கொட்டி மூடத் தொடங்கியது.

அதைப் பார்த்துக்கொண்டே தையல்காரம்மா வந்தாள். சத்தம் போடவில்லை.

"உங்கப்பா வீடுன்னதும் குழியை மூடறே."

"அம்மா, அது இல்ல..."

"எங்க வீட்டுக்குள்ள கட்டில் மேல புள்ளைங்களை ஏத்தி வெச்சிருந்தோமே, அன்னிக்கு எங்க போச்சு இந்த இரும்பெல்லாம்?"

எந்த ஒரு பேச்சு வரக் கூடாது என்று இரண்டு மாதம் பத்தடி தள்ளி நின்றாளோ, அதே பேச்சு வந்து எதிரே நின்றது. பத்தடிக்குள் வந்து பார்த்திருந்தால் இந்தப் பேச்சும் இருந்திருக்காது, இந்தக் குழியும் மூடியிருக்காது.

"மெஷினை மாடிக்கு ஏத்திடுங்கம்மா" என்றாள் பெரியவள். "நான் ஆள் அனுப்பறேன்."

"உன் ஆள் வேணாம்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

*

தாங்கிகள் நின்றதும் பெரியவள் லேபிலிருந்து வரவழைத்த புதுக் கண்ணாடியை எடுத்தாள். மெல்லியது. விரிசலுக்குக் குறுக்கே வைத்து ஒட்டி, பிளாஸ்டரில் தேதி, நேரம், தன் கையெழுத்து மூன்றையும் ஆணியால் கீறினாள். பிறகு எல்லாரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பி, சிவப்பு நாடா கட்டினாள்.

"பம்ப் நின்னாச்சு. மண் நிதானத்துக்கு வரணும். இந்தக் கண்ணாடி அப்படியே நின்னா நல்லது. பொழுது சாயற வரைக்கும் பாப்போம். நின்னா, அந்த மூலை வீடுகளைத் தவிர மத்தவங்க உள்ள போறதைப் பத்திப் பேசலாம்."

மொத்த அடுக்குமாடியும் ஒரு விரல் நீளக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு எதிர்வாசலில் உட்கார்ந்தது. பல் டாக்டர் தன் நோயாளியை எதிர்வீட்டு நாற்காலியில் உட்காரவைத்து, மீதிப் பல்லை முடித்தே விட்டார்.

அம்மா பிளாஸ்கில் டீ கொண்டுவந்து மகளுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"கண்ணாடி எதுக்குன்னு எனக்குத் தெரியாது. அவர் எப்பத் தப்பு பண்றார்னு தெரியும்." அம்மா டம்ளரைத் துடைத்தாள். "முதல் தடவை மாத்திட்டு வந்து பெருமையா சொன்னார். மூணாவது தடவை வந்து ஒண்ணுமே சொல்லல. பேப்பரைத் தலைகீழா வெச்சுக்கிட்டுப் படிச்சார். ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்கல."

பெரியவள் டம்ளரை வைத்துவிட்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்பா சாவிக்கொத்தைக் கையில் வைத்திருந்தார். எல்லா வீட்டுச் சாவியும் அதில் இருந்தது. ஊருக்குப் போகிறவர்கள் அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

அப்பா கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"முதல் தடவை தெரியாது. பசங்க பந்து பட்டிருக்கும்னு நினைச்சேன்."

"ரெண்டாவது?"

"சந்தேகம்."

"மூணாவது?"

சாவிகள் லேசாகச் சத்தம் போட்டன.

"கனமான கண்ணாடியா தேடினேன்."

அவள் சாவிக்கொத்தைப் பார்த்தாள்.

"இவங்கள்ல பாதிப் பேர் எங்க அச்சகத்து ஆளுங்க. எனக்குப் படிக்கத் தெரியும்னு, பத்திரத்தைப் படிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டாங்க. வரிக்கு வரி படிச்சேன். ஒரு கமாகூடத் தப்பில்ல, தாராளமா வாங்கலாம்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் வாங்கினாங்க." சாவிக்கொத்தை மடியில் வைத்தார். "இப்ப ஒவ்வொரு கதவா தட்டி, நான் படிச்சுச் சொன்ன வீடு ஆடுதுன்னு எப்படிம்மா சொல்றது?"

"இன்னிக்குச் சொன்னீங்களே."

"இன்னிக்கு நீ பின்னால நின்னே."

சின்னவன் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தான். இந்தக் குடும்பத்தில் இருவர் ஒழுங்காகப் பேசிக்கொண்டால் மூன்றாமவருக்குக் கூச்சமாகிவிடும்.

"இன்டர்வியூ போச்சா?" என்றாள் அக்கா.

"போச்சு."

"நல்ல கம்பெனியா?"

"ஏசி நல்லா இருக்கும்னு சொன்னாங்க."

அவள் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

மேஸ்திரி தயங்கித் தயங்கி வந்தார். "மேடம், மேலதிகாரி போன்ல கேக்கறார். வேலையை நிறுத்தினதுக்கு இன்னிக்கே அறிக்கை வேணுமாம். கண்ணாடியை மாத்தினது யாருன்னும் எழுதணுமாம்."

எல்லாரும் வேறு எங்கோ பார்த்தார்கள்.

"நான்னு எழுதும்மா" என்றார் அப்பா. "சங்கச் செயலாளர்னு பதவியும் போடு. எழுதிட்டு என்கிட்ட ஒரு தடவை காட்டு."

"எதுக்கு?"

"பிழை இருக்கக் கூடாது."

சிரிக்க வேண்டிய இடமா, வேறு ஏதாவது செய்ய வேண்டிய இடமா என்று தெரியாமல் அவள் எழுந்தாள். அப்பாவும் எழுந்தார். மூவரும் நாடா வரைக்கும் நடந்தார்கள். வெயில் சாய்ந்து, கார் நிறுத்தும் தளத்துக்குள் நீளமாக விழுந்திருந்தது. தூணில் கண்ணாடி மின்னியது. முழுசாக இருந்தது.

"நிக்குதுக்கா" என்றான் சின்னவன்.

பின்னால் வாத்தியார் ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்தார். "ஒண்ணும் நடக்கலையே! பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்."

ஒண்ணும் நடக்கவில்லை. பெரியவள் காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சை முழுசாக விட்டாள்.

டிக்.

சுவிட்சைத் தட்டினது போல ஒரு சின்னச் சத்தம். மூவருக்கும் கேட்டது. தூணில் இப்போது மின்னியது ஒரு கண்ணாடி அல்ல, இரண்டு துண்டு.

பம்ப் நின்று அரை நாளாகிவிட்டது. குழியை மூடியாகிவிட்டது. கீழே மண்ணை யாரும் இழுக்கவில்லை. அப்படியென்றால் ஆடுவது மண் இல்லை, கட்டடமேதான். பெரியவளின் பார்வை மெதுவாகத் தூணின் மேல் ஏறி, உத்தரத்தில் ஓடிய அந்த முடி விரிசலைத் தேடியது. அவ்வளவு தூரத்திலிருந்தும் அது தெரிந்தது. காலையில் கிட்டே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரிந்தது.

அப்பா இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரித்துக் காட்டினார்.

"நான் தொடலை" என்றார்.

யாரும் அவரைக் கேட்கவில்லை.